நெய்ததா, பின்னியதா?

2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் தாய்மாமாவைக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மாமா சென்னிமலைக்காரர். பதினான்கு வயதில் தறிக்குழியில் இறங்கியவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போர்வை நெய்தவர். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், வயிற்றின் வழியே இறங்கும் பெருந்தமனி ஓரிடத்தில் புடைத்திருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டிய குழாய் 6 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றார்கள்.

மருத்துவர் பொறுமையானவர். ஒரு தாளில் படம் வரைந்து காட்டி, “இந்த இடத்தத் திறந்து, துணியில செஞ்ச குழாய் ஒண்ண உள்ள வெச்சுத் தெச்சிருவோங்க ஐயா” என்றார்.

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “நெஞ்ச துணிங்களா, பின்னுன துணிங்களா?”

மருத்துவர் சிரித்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒரு நோயாளியும் இதைக் கேட்டதில்லை என்றார். நெய்ததுதான் என்று சொன்னார். “அப்ப இழுத்தாக் கொடுக்காதுங்களே. ரத்தம் அடிக்கற அடிக்கு அது எப்படித் தாங்கும்?” என்றார் மாமா. அதற்கு மருத்துவர் சொன்ன விளக்கம் அவருக்குப் போதவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். அடுத்த மூன்று வாரம் யார் சொல்லியும் அசையவில்லை.

தமிழ் இலக்கியம் படித்தவன் நான், மருத்துவம் அறியேன். ஆயினும் அந்த மூன்று வாரங்களில் கல்லூரி நூலகத்திலும் இணையத்திலும் தேடித்தேடிப் படித்தேன். மாமாவின் கேள்வி அறியாமையிலிருந்து வந்ததன்று என்பது முதலில் விளங்கியது. அறுபது ஆண்டுகளாக அறுவை மருத்துவர்களும் துணிப் பொறியாளர்களும் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி அது. அதன் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

*

உடலைத் தைப்பது மனிதருக்குப் பழைய வேலை. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், செங்குட்டுவனின் வீரர்களுடைய மார்புப் புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் குறிப்பிடுகிறார். குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை அதற்கு உவமையாக்குகிறார். சுசுருத சம்ஹிதை தையலுக்கு உதவும் நார்களையும் நூல்களையும் பட்டியலிடுகிறது. இவற்றைக் காட்டி, ‘எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது’ என்று முடித்துவிடுவது நம் மேடைகளின் வழக்கம். அது வரலாறு ஆகாது. புண்ணைத் தைக்கும் நூல் விருந்தாளியைப் போன்றது. வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம். ஒரு துணி உடலுக்குள் புகுந்து, உறுப்பொன்றின் இடத்தில் அமர்ந்து, ஆயுள் முழுதும் அங்கேயே இருப்பது என்பது முற்றிலும் வேறு. அது இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது.

அதன் முன்கதை பிரான்சின் லியோன் நகரில் தொடங்குகிறது. 1894 ஜூன் 24 மாலை அந்த நகருக்கு வந்திருந்த குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டிருந்தது. நாட்டின் தலைவர் ரத்தம் வடிந்து இறந்துகொண்டிருக்க, சுற்றி நின்ற மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுந்த ரத்த நாளத்தைத் தைக்கும் வித்தை அன்று அவர்கள் கையில் இல்லை. அதே நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கேரல் என்ற இளைஞரை இந்த மரணம் உறுத்தியது.

லியோன் பட்டு நெசவின் தலைநகரம். நம் காஞ்சிபுரத் தறிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ‘ஜக்கார்டு பெட்டி’யின் பூர்வீகம் அந்த ஊர்தான். கேரல் தம் கேள்வியை எடுத்துக்கொண்டு மருத்துவப் பேராசிரியர்களிடம் மட்டும் போகவில்லை. திருமதி லெருதியே என்ற பூத்தையல் கலைஞரிடமும் போனார். மெல்லிய ஊசியையும் பட்டிழையையும் கையாளும் நுணுக்கத்தை அவரிடம் கற்றார். நாளத்தின் வட்டமான விளிம்பை மூன்று இடங்களில் தையலிட்டு இழுத்து முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் இனமேம்பாட்டுக் கொள்கையைத் தூக்கிப்பிடித்துத் தம் பெயருக்குத் தாமே கறை தேடிக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரு நுனிகளைச் சேர்க்கும் வழி கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு துண்டே இல்லாமற் போனால்? கண்ணாடிக் குழாயையும் அலுமினியக் குழாயையும் மெழுகு பூசி நாய்களின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்தார் கேரல். அவற்றால் நிலையான தீர்வு கிட்டவில்லை. ரத்தம் அந்நியப் பரப்பைக் கண்டதும் உறையத் தொடங்குவது. விறைத்த குழாயின் விளிம்பு துடிக்கும் தமனியை அரித்துவிடுவது. இவை இரண்டும் பிறகு வந்த எல்லோரையும் மறித்த தடைகள்.

*

1951 மார்ச்சில் பாரிஸில் சார்ல் துபோஸ்த், புடைத்த பெருந்தமனியை வெட்டி நீக்கி, இறந்தவர் ஒருவரின் உடலிலிருந்து எடுத்த தமனியை அங்கே பொருத்தினார். பெரிய சாதனை அது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தக்க அளவில் ஒரு பிணத்தின் தமனி வேண்டும். எடுத்துப் பதப்படுத்திக் காத்து வைக்கவும் வேண்டும். சில ஆண்டுகளில் அந்தத் தமனிகளும் சுண்ணாம்பேறி நலிந்தன.

அதற்குச் சற்று முன்பு வேறொரு வழி இருந்தது. 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர், ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து, புடைத்திருந்த பெருந்தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாள்தான். நோக்கம் எதிர்பாராதது: அந்தத் தாள் உடலை எரிச்சலூட்ட வேண்டும்; எரிச்சலுற்ற திசு தழும்பாகத் தடித்து, வீக்கத்தைச் சுற்றிக் கவசம் போல இறுக வேண்டும். உடலின் வெறுப்பையே மருந்தாக்கும் தந்திரம். அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் தமனி கசியத் தொடங்கியபோது, புதிய அறுவை முறை ஒன்று இருப்பதாக மருத்துவர்கள் எடுத்துரைத்தார்கள். ஐன்ஸ்டைன் மறுத்தார். ஏப்ரல் 18 அன்று 76-ஆம் வயதில் பிரின்ஸ்டனில் காலமானார்.

அவர் மறுத்த காலத்தில் துணிக் குழாய் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

*

அது வந்த கதை ஒற்றை நூலில் தொடங்குகிறது. 1947-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் நாய்களின் இதய வால்வில் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். ஒரு நாயில் பட்டுத் தையல் ஒன்று தவறான இடத்தில் விழுந்து, இதய அறையின் நடுவே குறுக்காக நின்றுவிட்டது. சில மாதங்கள் கழித்து அந்த நாயின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது, நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் பளபளப்பான மெல்லிய சவ்வு படர்ந்திருந்தது. இதய அறையின் உட்சுவரைப் போலவே இருந்தது. ரத்தம் உறைந்த தடயம் இல்லை.

வேறு யாராயினும் தவறிய தையல் என்று ஒதுக்கியிருப்பார்கள். வூர்ஹீஸ், ஒரு நூலின் மேல் சவ்வு படருமானால், பல நூல்கள் சேர்ந்த துணியின் மேலும் படராதா என்று கேட்டுக்கொண்டார். அதுவரை எல்லோரும் ஒழுகாத குழாயைத் தேடினார்கள். கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் எல்லாம் அதன் பொருட்டே வந்தவை. வூர்ஹீஸ் கண்டது நேர் எதிரானது: குழாய்க்குத் துளைகள் வேண்டும். முதலில் சற்று ரத்தம் கசியும். கசிந்த ரத்தம் நூலிடைவெளிகளில் உறைந்து அடைக்கும். அந்த உறைவின் மேல் உடல் தன் செல்களைப் பரப்பும். துணி சாரமாக நிற்க, சுவரை உடலே எழுப்பிக்கொள்ளும்.

முதல் குழாயைப் பட்டுக் கைக்குட்டையிலிருந்து தைத்தார் என்று சொல்லப்படுகிறது. பின்பு ராணுவ மருத்துவமனைப் பணிக்காக டெக்சாஸ் சென்றபோது பாராசூட் நைலானை முயன்றார். கடைசியில் பாய்மரத் துணியாகப் பயன்பட்ட ‘வினியான்-என்’ என்னும் செயற்கைத் துணி அமைந்தது. வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாய்களாகத் தைத்து நாய்களுக்குப் பொருத்தி, ஆல்ஃபிரட் ஜரெட்ஸ்கி, ஆர்தர் பிளேக்மோர் ஆகியோருடன் சேர்ந்து 1952-இல் கட்டுரை வெளியிட்டார். 1954-இல் பிளேக்மோரும் வூர்ஹீஸும் 18 மனிதர்களுக்கு இதைப் பொருத்திய அனுபவத்தை எழுதினார்கள்.

இந்த இடத்தை வாசித்த அன்றே சென்னிமலைக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து மாமாவிடம் நாயின் கதையையும் நூலின் கதையையும் சொன்னேன். கசிந்து கசிந்து, பிறகு உடம்பே துணியின் மேல் உள்சவ்வு விரித்துக்கொள்ளும் என்றேன். நீண்ட நேரம் பேசாமலிருந்தார். “அப்ப மிச்ச நெசவ ஒடம்பு பாத்துக்கும்ங்கற” என்றார். மறுநாள் சம்மதித்துவிட்டார்.

நான் சொன்னது பாதி உண்மை என்பது அன்று எனக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

வூர்ஹீஸ் வழியைத் திறந்ததும் துணிக்கடையே அறுவை அரங்குக்குள் புகுந்தது எனலாம். நைலான், ஓர்லான், டெஃப்லான், டேக்ரான் என ஆலைகள் அப்போது வெளியிட்டுக்கொண்டிருந்த செயற்கை இழைகள் ஒவ்வொன்றும் நாய்களின் தமனிகளில் சோதிக்கப்பட்டன. வென்றது டேக்ரான். அது வென்ற கதையில் தற்செயலும் உண்டு.

ஹூஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, லெபனானிலிருந்து லூசியானாவில் குடியேறிய பெற்றோரின் மகன். சிறுவயதில் தாயிடம் தையல் கற்றவர். நைலான் வாங்குவதற்காக நகரின் பெரிய கடையொன்றுக்குப் போனதையும், நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்ற புதுத் துணி வந்திருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னதையும், அதை வாங்கி வந்து மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்ததையும் அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1954-இல் அதை மனிதருக்குப் பொருத்தினார்.

நைலான் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? உடலின் ஈரத்திலும் வெப்பத்திலும் நைலான் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும் என்பது 1950-களின் இறுதியில் தெரிந்தது. டேக்ரானும் டெஃப்லானும் பெருமளவு அப்படியே நின்றன. துணிக்கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளத்திருக்கும்.

டேக்ரான் என்ற பெயர் நம்மில் பலருக்கு அந்நியமாக இருக்கலாம், பொருள் அந்நியமன்று. இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-இல் கண்ட பாலியஸ்டர் இழைதான் அது. அங்கே டெரிலின், அமெரிக்காவில் டேக்ரான், சோவியத் நாட்டில் லாவ்சான். நம் தந்தையர் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்ட, இஸ்திரி கேட்காத டெரிலின் சட்டையும், பெருந்தமனிக் குழாயும் ஒரே இழையின் இரு பிறவிகள்.

தைத்த குழாயில் நெடுகத் தையல் ஓரம் இருக்கும். அங்கே ரத்தம் தேங்கும். டிபேக்கி, ஃபிலடெல்ஃபியாவின் துணிப் பொறியாளர் தாமஸ் எட்மனை நாடினார். ஓரமே இல்லாத குழாய்களையும், கால்சட்டையைப் போல ஒன்று இரண்டாகப் பிரியும் குழாய்களையும் பின்னித்தரும் இயந்திரத்தை எட்மன் உருவாக்கினார். அலபாமாவில் ஸ்டெர்லிங் எட்வர்ட்ஸும் ஜேம்ஸ் டாப் என்ற வேதியியலாளரும் இன்னொரு குறையைத் தீர்த்தார்கள். துணிக் குழாய் வளைத்தால் மடிந்து அடைபட்டுவிடும். அவர்கள் 1955-இல் குழாயின் சுவரையே ஆர்மோனியத் துருத்தி போலச் சிறு சிறு மடிப்புகளாக்கினார்கள். இப்போது குழாய் மடியாமல் வளைந்தது. நீளவாக்கில் இழுத்தால் நீண்டது. நீட்சியற்ற இழைக்கு வடிவத்தால் நீட்சி தந்த முதல் முயற்சி இது.

*

இனி மாமாவின் கேள்விக்கு வரலாம்.

நெசவில் பாவும் ஊடையும் செங்குத்தாக மேலும் கீழும் புகுந்து ஒன்றையொன்று பூட்டுகின்றன. இழைகள் நேராக நிற்பதால் இழுத்தால் கொடுக்காது. நெருக்கமாக அடித்து நெய்தால் ரத்தம் அதிகம் கசியாது. ஆனால் விறைப்பானது, வெட்டிய விளிம்பில் நூல் பிரியும். பின்னலில் ஒரே நூல் கண்ணிகளாக வளைந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிறது. திருப்பூர் பனியனை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணிகள் நெகிழ்வதால் துணி இளகிக் கொடுக்கும். ஊசிக்கு மென்மையாக இருக்கும். திசு புகுந்து பற்றவும் இடமுண்டு. ஆனால் தாராளமாக ஒழுகும். பொருத்துவதற்கு முன் நோயாளியின் ரத்தத்தையே எடுத்துக் குழாயில் நனைத்து உறையவைத்து, பிறகு தைப்பார்கள். உடைந்த தமனியிலிருந்து ரத்தம் கொட்டும் அவசரத்தில் இதற்கு நேரமிராது. ஆகவே அங்கே நெய்ததே கை கொடுத்தது. 1980-களில் கொலாஜன், ஜெலட்டின் போன்ற புரதங்களைப் பூசி ஆலையிலேயே துளையடைத்த குழாய்கள் பரவலானபின் இந்தச் சிக்கல் குறைந்தது.

பின்னலுக்கு இன்னொரு குறையும் இருந்தது. துடிப்பின் அழுத்தத்தில் ஆண்டுகள் போகப்போகக் கண்ணிகள் தளர்ந்து குழாய் அகன்றது. பழைய பனியனின் கழுத்து தொங்குவது போல. நிமிடத்துக்கு 72 என்று கொண்டால் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றே முக்கால் கோடி இழுப்பு. ‘ரத்தம் அடிக்கற அடி’ என்று மாமா சொன்னது இதைத்தான்.

நீட்சி என்பதில் இரண்டு உண்டு: இழுத்தால் நீள்வது ஒன்று, விட்டால் பழைய இடத்துக்கு மீள்வது மற்றொன்று. நம் தமனிச் சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என இரு புரத இழைகள் உள்ளன. ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து மீளச் செய்வது எலாஸ்டின். அளவுக்கு மேல் விரியாமல் பிடிப்பது கொலாஜன். பாலியஸ்டர் குழாய் இரண்டாவதை மட்டுமே செய்கிறது. துருத்தி மடிப்பின் நெகிழ்வும் நிலையானதன்று. திசு புகுந்து இறுகியதும் மடிப்பு உறைந்துவிடும். தையல் கோட்டின் ஒரு பக்கம் துடிக்கும் தமனி, மறுபக்கம் துடிக்காத துணி. அந்த எல்லையில் ஓயாத உரசல். அங்கே செல்கள் பெருகித் தடித்து வழியைக் குறுக்கும். பெருந்தமனி அகலமானது, பொறுத்துக்கொள்கிறது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த நாளங்களில் துணிக் குழாய் எளிதில் அடைபட்டுவிடுகிறது. இதயத் தமனி அடைப்புக்கு இன்றும் நோயாளியின் காலிலிருந்து சிரையையோ மார்பிலிருந்து தமனியையோ எடுத்து வைப்பதற்குக் காரணம் இதுவே.

இழுத்தே பிறந்த பொருள் ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. 1969-இல் ராபர்ட் கோர், சூடேற்றிய டெஃப்லான் தண்டை மெல்ல இழுத்து இழுத்து அது அறுந்துபோவதில் சலித்து, ஒருமுறை வெடுக்கென்று இழுத்தார். அறுவதற்குப் பதிலாக அது பல மடங்கு நீண்டு, உள்ளே நுண்துளைகள் நிறைந்த வெண்பொருளாயிற்று. மழையங்கிகளில் ‘கோர்-டெக்ஸ்’ என்று புகழ்பெற்ற அதே பொருள் 1970-களில் ரத்த நாளமாகவும் உடலுக்குள் சென்றது. தொடக்க காலக் குழாய்களுள் சில அழுத்தத்தில் புடைத்தன. வெளியே இன்னொரு படலத்தைச் சுற்றி இறுக்க வேண்டியதாயிற்று. இழுத்து உருவான பொருளுக்கு, இனி இழுபடாதே என்று கட்டுப் போட்டார்கள். பாலியூரித்தேன் போன்ற மீள்தன்மையுள்ள இழைகளும் முயலப்பட்டன. அவை தமனியைப் போலவே துடித்தன. ஆனால் அவற்றில் பல, காலப்போக்கில் உடலுக்குள் சிதைந்தன. மீள்வது நிலைப்பதில்லை, நிலைப்பது மீள்வதில்லை என்பதாகவே இந்தத் தேடல் நெடுங்காலம் நீண்டது.

*

துணி இதயத்துக்குள்ளும் சென்றது. 1960 மார்ச்சில் அமெரிக்காவில் நைனா பிரான்வால்ட் என்ற பெண் அறுவை மருத்துவர், தாம் வடிவமைத்த செயற்கை ஈரிதழ் வால்வை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார். பாலியூரித்தேன் இதழ்களுக்குள் டேக்ரான் துணி. இதழ்களை இழுத்துக் கட்டும் நாண்களுக்கு டெஃப்லான் நாடா. அந்தப் பெண் சில மாதங்கள் வாழ்ந்தார். பின்னாளில் வந்த உலோக வால்வுகளிலும் துணி நீடித்தது. உலோகத்தில் ஊசி ஏறாது, சுற்றிலும் துணி வளையம் இருந்தால்தான் இதயத்தோடு தைக்க முடியும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மூன்று மாதிரிகள் தோற்று நான்காவது வென்ற வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரித்த அந்த வால்வின் தையல் வளையமும் பின்னல் பாலியஸ்டர்தான். வலியத்தான் பிற்காலத்தில் சரகரையும் சுசுருதரையும் பற்றி நூல்கள் எழுதினார்; பழம்பெருமை பேசும் தொனியின்றி மூலத்தை வாசிக்கும் நூல்கள் அவை.

வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே மடித்த துணிக் குழாயைச் செலுத்தி உள்ளே விரிக்கும் முறையை 1990-இல் புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்து காட்டினார். உலகம் அவரைக் கொண்டாடியது. உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோதோஸ் 1985-இலேயே இடுப்புத் தமனியிலும், 1987-இல் மார்புப் பெருந்தமனியிலும் இதைச் செய்திருந்தார். ஆனால் அவர் எழுதியது ரஷ்ய மொழியில். மேற்கு நாடுகள் அறிந்துகொள்ள ஆண்டுகள் பிடித்தன. ஆங்கிலத்தில் எழுதாததனால் நிகழாததாகிவிடும் செய்திகளை நாமும் அறிவோம்.

*

இந்த வரலாற்றில் ஓர் இருண்ட அத்தியாயமும் உண்டு. 1950-களின் இறுதியில் ஃபிரான்சிஸ் அஷர் குடலிறக்கத்துக்குச் செயற்கை இழை வலையைக் கொண்டுவந்தார். வயிற்றுச் சுவரில் அது பெரிதும் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. பிறகு அதே பாலிபுரொப்பிலீன் வலையை, பிரசவத்தாலும் முதுமையாலும் தளர்ந்து இறங்கும் பெண்ணுறுப்புகளைத் தாங்கவும் யோனி வழியாகப் பொருத்தினார்கள். வயிற்றுச் சுவரில் இணங்கிய வலை, மென்மையும் அசைவும் மிக்க அந்த இடத்தில் பல பெண்களுக்கு இணங்கவில்லை. தழும்பு சுருங்க வலையும் சுருங்கி, திசுவை அறுத்து வெளிவந்தது. தீராத வலியைத் தந்தது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் அந்தப் பயன்பாட்டுக்கான வலைகளின் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான ஆய்வு 2020-இல் வெளியிட்ட அறிக்கை, வலிக்கிறது என்ற பெண்களின் குரலை மருத்துவ அமைப்பு ஆண்டுக்கணக்கில் புறந்தள்ளியதைப் பதிவு செய்தது.

‘உயிர் இணக்கப் பொருள்’ என்று நாம் மொழிபெயர்க்கும்போது, இணக்கம் அந்தப் பொருளின் குணம் போலத் தோன்றுகிறது. 1986-இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் கூடிய அறிஞர்கள் உருவாக்கிய வரையறை அப்படிச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடலிடமிருந்து தக்க எதிர்வினையைப் பெற்றுச் செயல்படும் திறன் என்றே அது சொல்கிறது. எதிர்வினையே இல்லாமை இணக்கமன்று. இடம் மாறினால் இணக்கமும் மாறும். ஆகவே இணங்கியதா என்று சொல்ல வேண்டியவர் ஆலைக்காரர் அல்லர். அதை உடலில் தாங்குபவர். இந்தச் சொல்லை வகுப்பில் மொழிபெயர்ப்புக் கலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது, நான் சொன்ன அந்தப் பாதி உண்மை. நாயின் தமனியில் வைத்த துணிக்குழாயின் உட்புறம் முழுவதும் செல்கள் படர்ந்துவிடும். மனிதனில் அப்படியல்ல. தையல் கோட்டிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரையே அவை நகர்கின்றன. எஞ்சிய பகுதியில் இறுகிய உறைவுப் படலம் மட்டுமே பல ஆண்டுகளானாலும் இருக்கிறது. துறையையே தோற்றுவித்த கண்டுபிடிப்பு மனிதனிடம் பாதியில் நின்றுவிட்டது. உடல் அந்தத் துணியைத் தனதாக்கிக்கொள்வதில்லை. பக்கத்தில் வைத்துப் பொறுத்துக்கொள்கிறது.

மறுபாதியைத் தேடும் முயற்சி தொடர்கிறது. கரையும் இழையாலான வலைக்குழாயில் மனிதச் செல்களை வளர்த்து, அவை கொலாஜன் சுவரை எழுப்பியபின், செல்களை நீக்கிவிட்டு, எஞ்சும் குழாயைப் பொருத்தும் முறை ஒன்று, கை கால்களில் நேரும் தமனிக் காயங்களில் சொந்தச் சிரையைப் பயன்படுத்த முடியாதபோது பொருத்துவதற்காக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடும் எச்சரிக்கைக் குறிப்புடனேயே அந்த அனுமதி வந்தது. அங்கே துணி சாரமாக நின்று, சுவர் எழுந்ததும் மறைந்துவிடுகிறது. வூர்ஹீஸ் கண்ட கனவுக்கு மிக அருகில் வந்தது அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

*

2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதான டிபேக்கி தம் வீட்டு வாசிப்பறையில் இருந்தபோது மார்பில் கடும் வலி கண்டது. பெருந்தமனிச் சுவர் கிழிந்திருக்கிறது என்று தாமே கணித்தார். அந்நோய்க்கு அறுவை முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அவர். ஆனாலும் தமக்கு அறுவை வேண்டாம் என்றார். பிப்ரவரியில் நினைவு தப்பியது. மயக்க மருத்துவர்கள் தயங்க, மருத்துவமனையின் நெறிமுறைக் குழு இரவில் கூடி விவாதிக்க, மனைவி வற்புறுத்த, அவருடைய நீண்டகாலக் கூட்டாளி ஜார்ஜ் நூன் டேக்ரான் குழாயைப் பொருத்தினார். பல மாதங்கள் மருத்துவமனையில் கழித்து மீண்டெழுந்த டிபேக்கி, செய்தது சரிதான் என்று சொன்னார். 2008 ஜூலையில், 99 வயதில் மறைந்தார்.

ஐன்ஸ்டைனின் மறுப்பை ஏற்றார்கள். டிபேக்கியின் மறுப்பை மீறினார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மாமாவை மீறவில்லை, கதை சொல்லி இணங்கவைத்தேன். அந்தக் கதையில் பாதி தவறு என்று தெரிந்தபோது அவர் அறுவை முடிந்து இரண்டாண்டு நலமாக இருந்தார். சொல்வதா வேண்டாமா என்று பல நாள் தவித்து, ஒரு பொங்கலன்று சொல்லிவிட்டேன். உள்சவ்வு ஓரத்தில் மட்டுந்தான் படரும், நடுவில் படராது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

மாமா வயிற்றுத் தழும்பை வேட்டிக்கு மேலாகத் தடவிக்கொண்டார். “ஓரம் பிடிச்சிருக்குதில்ல மாப்ள? அப்பப் பிரியாது” என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அத்தையை இலை போடச் சொன்னார்.

2018-இல் நிமோனியாவில் இறந்தார். தையல் கடைசிவரை நின்றது.